மூடி வைத்த பிள்ளை

மாவுக்குக் கோபம் வந்தால் மூடி வைத்துவிட வேண்டும் என்பது பேக்கரி மாஸ்டரின் கட்சி. பிசைந்த மாவு கைக்கு அடங்காமல் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு முறைக்கும்போது, அதனோடு மல்லுக்கு நிற்பவன் முட்டாள் என்பார். ஈரத்துணியைப் போட்டு மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பான இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். தானாகப் பொங்கி வரும். வந்துவிட்டதா என்று பார்க்க விரலால் ஒரு குத்து. குழி சட்டென்று எழுந்துகொண்டால் இன்னும் கோபம் தீரவில்லை. சோம்பலாக எழுந்தால் அடுப்புக்குத் தயார்.

இதே வைத்தியத்தைத்தான் அவர் தம் மகளுக்கும் செய்துகொண்டிருந்தார். ஏழு வயதுப் பெண். தெரு முழுக்க அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்வரை மூடமாட்டாள். ஆனால் கோபம் வந்துவிட்டால் போச்சு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அப்போது மாஸ்டர் ஒரு வார்த்தை பேசமாட்டார். போர்வையை எடுத்து அவள் தலையோடு போட்டு மூடிவிட்டு, “யாரும் தொறக்காதீங்க, மாவு கோவமா இருக்கு” என்று சொல்லிவிட்டு எட்ட உட்கார்ந்துகொள்வார். கொஞ்சம் கழித்து, “பொங்கிடுச்சா?” என்பார். உள்ளேயிருந்து, “இன்னும் இல்ல” என்று குரல் வரும். மறுபடியும் கேட்பார். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போர்வை குலுங்க ஆரம்பிக்கும். திறந்து, அவள் வயிற்றில் விரலால் ஒரு குத்து. அதோடு சிரித்துச் சுருண்டுவிடுவாள். அந்த வீட்டில் ‘மூடி வைப்பது’ என்றால் இதுதான். வேறு வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

வீடு என்றால் பேக்கரியின் பின்பக்கம் இரண்டு அறை. நடுச்சுவருக்கு அந்தப்புறம் அடுப்பு. குளிர்காலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் சொர்க்கம். வெயில் காலத்தில் கை வைக்க முடியாது. எதைத் துடைத்தாலும் மறுநாள் காலையில் மாவு படிந்திருக்கும். மாஸ்டரின் இருமல்கூட வெள்ளையாகத்தான் வரும் என்று அவர் மனைவி கேலி செய்வாள். அவளுக்கும் அங்கேதான் வேலை: ஆறிய ரொட்டியை மெஷினில் கொடுத்துத் துண்டு போட்டு, உறையில் நுழைத்து, வாயை முறுக்கி நாடா கட்டுவது. ரொட்டி ஆறுவதற்கு முன் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும், ரொம்ப ஆறவிட்டால் காய்ந்துபோகும். புறங்கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள். நின்றே செய்கிற வேலை. சாயங்காலம் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகாமல் அடம்பிடிக்கும்.

அந்த வருஷம்தான் அரசாங்கம் பிள்ளைகள் மேலும் குடும்பங்கள் மேலும் அக்கறை கொண்டு ஒரு திட்டம் போட்டது. குறை சொல்லக்கூடாது, நல்ல திட்டம்தான். பள்ளிக்கூடத்தில் பால் வந்தது. பல், காது, கண் பார்க்க டாக்டர் வந்தார். பக்கத்து அறைத் தையல்காரியின் மகனுக்குக் கரும்பலகையே தெரியாது என்பது அப்போதுதான் தெரியவந்து, மூக்குக்கண்ணாடி இலவசமாகக் கிடைத்தது. வாரம் ஒரு நாள் மனம் விட்டுப் பேசும் வகுப்பு என்று ஒன்றும் நடந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, வீட்டில் என்ன சந்தோஷம், என்ன பயம் என்று சொல்ல வேண்டும். அதை நடத்தவும் வீடு வீடாகப் போய் விசாரிக்கவும் ஒரு நடுவயது அம்மாள் வந்தாள். தெருக்காரர்கள் அவளைத் திட்டத்தம்மா என்றார்கள். முதல் தடவை வந்தபோது, “திட்டத்துக்கு வந்தீங்களா, திட்டுறதுக்கு வந்தீங்களா?” என்று மாஸ்டர் கேட்டார். அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்கத் தெரிந்த அதிகாரி என்று அன்றைக்கு எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் வாண்டு பள்ளியிலிருந்து நனைந்து வந்தாள். தாய் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி தீப்பெட்டி கேட்க வந்தவள் நிலைப்படியில் நின்றிருந்தாள். வாண்டு வழக்கம்போலப் பள்ளிக் கதையை அவிழ்த்துவிட்டாள். பேசும் வகுப்பில் இன்றைக்குக் கோபத்தைப் பற்றிப் பேசினார்களாம். கோபம் வந்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு இவள்தான் முதலில் கை தூக்கினாளாம்.

“கோவம் வந்தா அப்பா என்னை மூடி வச்சிடுவாரு, பொங்குற வரைக்கும் தொறக்க மாட்டாரு, அடுப்புச் செவுத்துப் பக்கமா வச்சா சீக்கிரம் பொங்கிடும், அப்புறம் தொறந்து ஒரு குத்து குத்துவாருன்னு சொன்னேன். எல்லாரும் அப்படியே பாத்தாங்கம்மா. திட்டத்தம்மா எனக்கு இன்னொரு டம்ளர் பால் குடுத்தாங்க.”

தாய் சிரித்தாள். தையல்காரி சிரிக்கவில்லை. பிள்ளையை அந்தப்பக்கம் அனுப்பிவிட்டு, அதே வார்த்தைகளை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். மூடி வைக்கிறார். அடுப்புப் பக்கம். திறக்கமாட்டார். குத்துகிறார். இந்தத் தடவை அதை வெளியாள் காதால் கேட்ட தாய்க்குக் கையில் இருந்த துண்டு நழுவியது.

அப்போதே குடையை எடுத்துக்கொண்டு போய், “அம்மா, அது விளையாட்டு” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் தையல்காரி விடவில்லை. துணி கொடுக்கப் போகிற இடத்தில் ஒரு குடும்பத்தில் இப்படித்தான் பிள்ளை ஏதோ உளறி, தாய் விளக்கம் சொல்லப் போய், விளக்கம் சொல்ல வந்ததே சந்தேகமாகிவிட்டதாம். “கண்ணாடி குடுத்தாங்க, நல்லதுதான், நான் இல்லைங்கல. இப்ப நம்ம வீட்டையும் கண்ணாடி போட்டுத்தான் பாக்குறாங்க. நீயா போய் வாயக் குடுக்காத. வந்து கேட்டா அப்படி ஒண்ணுமே இல்லன்னு ஒரே பேச்சா முடிச்சிடு. முதல்ல அந்த வாண்டு வாயக் கட்டு” என்றாள். கெட்டவள் இல்லை. பயந்தவள், அவ்வளவுதான்.

மாஸ்டரிடம் சொன்னால் கத்துவார் என்று தாய் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தலை வாரிவிடும்போது ஆரம்பித்தாள். யார் கேட்டாலும், எங்கள் வீட்டில் என்னை யாரும் மூடி வைப்பதில்லை என்று சொல்ல வேண்டும்.

“வைப்பாங்களே.”

“இல்லன்னு சொல்லணும்.”

“பொய்யாம்மா?”

“பொய் இல்லடி. வீட்டு விஷயத்த வெளியில சொல்லாம இருக்குறது.” பின்னலை இறுக்கினாள். “சொன்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அம்மா அப்பா இல்லாத இடத்துக்கு. போறியா?”

பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டியது. பின்னல் தாயின் கையில் இருந்ததால் தலை முழுதாக ஆடவில்லை. பிறகு இரண்டு பேரும் அதைப் பாடம் மாதிரி ஒப்பித்துப் பார்த்தார்கள். தப்பு வராத வரைக்கும் தாய் ரிப்பனைக் கட்டவில்லை.

திட்டத்தம்மா அந்த வாரமே வந்தாள். மழை விட்டபாடில்லை. குடையை வாசலில் விரித்தே வைத்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கி நின்றவளைத் தாய்தான் வற்புறுத்தி உட்காரவைத்தாள். மாஸ்டர் மாவுக் கையோடு வந்து எட்டிப்பார்த்து, தட்டில் நாலு பன்னை வைத்துவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப்புறம் தட்டுகள் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திட்டத்தம்மா பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு, பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். அதுதான் முறையாம். தாய் அடுத்த அறைக்குப் போனாள். கதவு இல்லாத வீடு, திரைதான். திரைக்கு இந்தப்புறம் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

வாண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். வகுப்பில் அப்படிச் சொன்னாயே என்று கேட்டதற்கு, நான் சொல்லவே இல்லை என்றாள். வேறு யாராவது சொல்லச் சொன்னார்களா என்றதற்கு இல்லை என்றாள். தாய்க்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் திட்டத்தம்மா பேச்சை மாற்றி, சாதாரணமாக, “அப்பா உன்கூட விளையாடுவாரா?” என்று கேட்டாள்.

இது பாடத்தில் இல்லாத கேள்வி. திரைக்கு அடியில் தெரிந்த தாயின் காலைப் பிள்ளை பார்த்தது. எதைச் சொன்னால் கூட்டிப்போவார்கள், எதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

“மாட்டாரு” என்றது.

மறுவாரம் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளை அழைத்துப்போய்விட்டார்கள். திட்டத்தம்மா நேராக பேக்கரிக்கு வந்து சொன்னாள். அந்த மட்டுக்கும் அவளுக்குத் தைரியம் இருந்தது. கைது மாதிரி நினைக்காதீர்கள், கண்காணிப்பு இல்லம், நல்ல இடம், விசாரித்து முடித்ததும் அனுப்பிவிடுவார்கள் என்றாள். மாஸ்டருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புரிந்ததும் அவர் கத்தவில்லை. மாவு மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெஷினை நிறுத்தி, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு உருண்டை மாவை எடுத்து வைத்து, மூடுவது எப்படி, பொங்குவது எப்படி, விரலால் அழுத்துவது எப்படி என்று செய்துகாட்டத் தொடங்கினார். தம்முடைய மகளை எப்படி மூடுவார் என்று சொல்ல வரும்போது குரல் உடைந்துவிட்டது. விரல் மாவில் பதிந்தபடியே இருந்தது.

திட்டத்தம்மா பொறுமையாகப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“நீங்க சொல்றது நெஜமா இருக்கலாம் மாஸ்டர். எனக்கே அப்படித்தான் தோணுது. ஆனா விளையாட்டுன்னா பிள்ளை ஏன் மறைச்சுச்சு? நாங்க எதைப் பாக்குறோம் தெரியுமா? பிள்ளை என்ன சொல்லுதுங்கிறதை இல்ல. சொன்னத எப்ப இல்லைங்குதுங்கிறதைத்தான்.”

தாய் வாயைத் திறந்தாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“ஏன்?” என்றாள் திட்டத்தம்மா.

“நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு.”

அடுப்பில் ரொட்டி தீய்கிற வாசனை வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. “முன்னாடி வேற ஊருல வேலை பாத்தப்ப ஒரு வீட்டுல, விளையாட்டுன்னு சொன்னாங்க. நான் நம்பிட்டு வந்துட்டேன்” என்றாள் திட்டத்தம்மா. குடையை எடுத்துக்கொண்டு போனாள். மழை அன்றைக்கு இல்லை, ஆனாலும் விரித்துக்கொண்டு போனாள்.

அடுத்து வந்த நாட்களை அந்த வீடு எப்படித் தள்ளியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாஸ்டர் ஒரு நாள் உப்புப் போட மறந்து மொத்த மாவும் வீணாயிற்று. வாழ்நாளில் அவருக்கு அப்படி நடந்ததில்லை. பேக்கரி முதலாளி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. தெருவில் சிலர் ரொட்டி வாங்க வேறு கடைக்குப் போனார்கள். பிள்ளையைக் குத்துகிற கை என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. தாய் கையில் இருந்த உறையைக் கட்டிக்கொண்டே இருந்தாள். சூடு போகாத ரொட்டியையும் கட்டினாள். தையல்காரி தினமும் வந்து சோறு வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

ஞாயிறுதோறும் பார்க்க விட்டார்கள். இல்லத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான கட்டில், பொம்மை, வேளாவேளைக்குச் சாப்பாடு. வேலை பார்க்கிற பெண்கள்கூடத் தன்மையாகப் பேசினார்கள். சண்டை போடவாவது ஒரு குறை கிடைக்காதா என்று தாய்க்கு ஆத்திரமாக வந்தது. வாண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கிளம்பும்போது அழவில்லை. வெளியே வந்து மாஸ்டர்தான் அழுதார், தெருவோரம், போகிறவர் வருகிறவர் பார்க்க.

விசாரணையில் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு நாள் அனுப்பிவிட்டார்கள். திட்டத்தம்மாவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனால் வாசலில் நின்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். பெற்றோர் இருவரும் பிள்ளை வளர்ப்பு வகுப்புக்குச் சில வாரம் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. போனார்கள். பள்ளிக்கூடத்துக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, பிள்ளைகளோடு தினமும் விளையாட வேண்டும் என்று ஒரு சின்னப் பெண் பாடம் நடத்தியதை மாஸ்டர் கேட்டுக்கொண்டார். சந்தேகம் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, மூலையில் உட்கார்ந்திருந்த மகள் மேல் போர்வையைப் போட்டு மூடினார். “மாவு கோவமா இருக்கா?” என்றார். “பொங்கிடுச்சா?” என்றார். போர்வை அசையவில்லை. மறுபடி கேட்டார். அவர் குரல் கெஞ்சுவது போல ஆகிவிட்டது. தாய் போய்ப் போர்வையை எடுத்தாள். பிள்ளை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூடி வைத்தபடியே உட்கார்ந்திருந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் விடியும்வரை அப்படியே இருந்திருக்கும். மாஸ்டர் போர்வையை மடித்துப் பரணில் போட்டார்.

மற்றபடி அவள் நல்ல பிள்ளையாகிவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டாள். அடம் கிடையாது. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பாள். தெருக்காரர்கள், இல்லத்தில் நல்லாப் பழக்கிவிட்டிருக்கிறார்கள் என்று மெச்சினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் தாய் வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவாள்.

குளிர் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலையில் படுக்கையைச் சுருட்டும்போது தலையணை உறையில் மஞ்சளாகக் கறை பட்டிருப்பதைத் தாய் பார்த்தாள். பால் சிந்தியதாக நினைத்து முகர்ந்து பார்த்தாள். சீழ் நாற்றம். பிள்ளையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். இடது காதுக்குள் சீழ் கட்டி, காதோரமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டதும் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது, ஆனால் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சில நாட்களாகவே அவள் ஒரு பக்கமாகவே படுத்தது, கூப்பிட்டால் திரும்பாதது, மெல்லும்போது நிறுத்தி நிறுத்தி மென்றது எல்லாம் தாய்க்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“எத்தன நாளா வலிக்குது? ஏண்டி சொல்லல?”

“நான் யாருகிட்டயும் சொல்லலம்மா” என்றாள் வாண்டு. டீச்சர் கேட்டார்கள், திட்டத்தம்மாகூடக் கேட்டார்கள், சொல்லவே இல்லை என்றாள். நல்ல மதிப்பெண் வாங்கிய தாளை நீட்டுகிற மாதிரி தாயின் முகத்தைப் பார்த்தாள்.

அன்றே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். திட்டத்து டாக்டர் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அவரும் கேட்பாரே, காது எப்படி இப்படி ஆயிற்று, யாராவது அறைந்தார்களா, இத்தனை நாள் தாய் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று. கேட்டதைத் திட்டத்தம்மாவுக்கும் சொல்வாரே. அந்த நினைப்பு வந்ததும் தாயின் கால் நகரவில்லை. எண்ணெயைச் சுடவைத்து விட்டுப் பார்க்கலாம், நாளைக்கும் குறையாவிட்டால் போகலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள். ராத்திரி காய்ச்சல் கொதித்தது. பிள்ளை முனகக்கூட இல்லை. அடுப்புச் சுவர் ஓரமாகச் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. மாஸ்டர் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, மனைவியை ஒரு பார்வை பார்த்தார். விடிந்ததும் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். போகிற வழியெல்லாம் அதன் நல்ல காதில் சொல்லிக்கொண்டே போனாள். உள்ளதைச் சொல்லு கண்ணு. அம்மா திட்டமாட்டேன். யாரும் உன்னை எங்கேயும் கூட்டிப்போகமாட்டார்கள். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லு.

டாக்டர் இளைஞர், பார்க்க நல்லவராகத் தெரிந்தார். விளக்கை அடித்துக் காதைப் பார்த்தவர் முகம் மாறியது. உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, கேட்கிறதா என்று பிறகுதான் சோதிக்க முடியும் என்று தாயிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு பிள்ளைக்கு நேராக ஸ்டூலை இழுத்துப்போட்டுக் குனிந்து உட்கார்ந்தார்.

“ரொம்ப வலிக்குதா பாப்பா?”

வாண்டு முதலில் தாயைப் பார்த்தாள்.

“சொல்லு கண்ணு” என்றாள் தாய். “அம்மாதான் சொல்றேன்ல. உள்ளத சொல்லு.”

பிள்ளை அவள் முகத்தை மேலும் கீழும் தேடியது. காதிலிருந்து சீழ் வடிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“வலிக்கல” என்றாள். பிறகு, சரியாகச் சொல்லிவிட்டோமா என்று தாயைப் பார்த்துச் சிரித்தாள்.